மான்தோல் பையில் முள்ளம்பன்றி முள் வேலைப்பாடு (அனிஷினாபே முறை): பட்டையில் இடைவெளி விழுகிறது, சிவப்பு கசிகிறது

தையல்பித்து (ஸ்கார்பரோ) கேட்டது:

வணக்கம். அனிஷினாபே (வட அமெரிக்கப் பேரேரிப் பகுதிப் பழங்குடியினர்) முறையில் ஒரு சின்னத் தோள்பை தைக்கிறேன். 18 செ.மீ. அகலம், 22 செ.மீ. உயரம். தோல், மூளை தேய்த்துப் பதனிட்டுப் புகையூட்டிய மான்தோல். தடிமன் ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். முட்கள் வட அமெரிக்க முள்ளம்பன்றியுடையவை, கழுவாத, பிரிக்காத ஒரே பொதி. பையின் வாய்க்குக் கீழே குறுக்காக மூன்று ஜிக்ஜாக் பட்டைகள், ஒவ்வொன்றும் 5 மி.மீ. அகலம்: வெள்ளை, சிவப்பு, கறுப்பு.

தைக்கும்போது நெருக்கமாகத்தான் இருக்கிறது. மறுநாள் பார்த்தால் மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவே தோல் தெரிகிறது. சில முட்கள் மடிக்கிற இடத்தில் நீளவாக்கில் கீறுகின்றன. அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்துத்தான் எடுக்கிறேன். ஆகவே ஈரம் போதாமல் உடைகிறது என்று நினைக்க இடமில்லை. சிவப்பு வரிசையில் ஈரம் பட்டால் பக்கத்து வெள்ளை ரோஜா நிறமாகிறது. நூல் தோலை முழுக்கத் துளைத்து மறுபக்கம் போகவேண்டுமா? மூன்று பட்டைக்கும் சேர்த்து எத்தனை முள் எடுத்துவைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

குத்தூசி எழுதியது:

இடைவெளிக்குக் காரணமே அந்த அரை மணி நேரம்தான். முள் கெரட்டின் (நகமும் மயிரும் ஆன அதே புரதம்), தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அளவுக்கு மீறி ஊறிய முள்ளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் ராத்திரியில் காய்ந்து ஒவ்வொன்றும் கொஞ்சம் ஒடுங்கும், அத்தனையும் சேர்ந்து தோலைக் காட்டிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்திலிருந்து பத்து நிமிடம் போதும். எடுத்து ஈரத் துணியில் சுற்றிவையுங்கள். ஒரு தடவைக்கு எட்டு முள்ளுக்கு மேல் நனைக்க வேண்டாம். மடித்தால் எதிர்ப்பில்லாமல் வளைந்து, விட்டால் லேசாகத் திமிறி எழவேண்டும்; அதுதான் சரியான ஈரம். துவண்டு கிடந்தால் அதிகம்.

பழைய முறையில் முட்களை வாயில் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்து, ஒவ்வொன்றாகப் பல்லுக்கு நடுவே இழுத்துத் தட்டையாக்குவார்கள். எச்சில் கொடுக்கும் ஈரம் கொஞ்சம்தான், வாயின் சூடும் சேர்கிறது. மிகச் சரியான பதம் அது. ஆனால் கடையில் வாங்கிய முள்ளையும் ரசாயனச் சாயமிட்ட முள்ளையும் வாயில் வைக்கவே கூடாது. கறுப்பு நுனியில் கண்ணுக்குத் தெரியாத பின்னோக்கிய கொக்கிகள் இருக்கின்றன. தோலுக்குள் ஏறினால் தானாக உள்நோக்கித்தான் நகரும், வெளியே வராது. நுனிகளை வெட்டிப்போடும்போது ஒரு மூடியுள்ள டப்பாவுக்குள் வெட்டுங்கள், தரையில் சிந்தவிடாதீர்கள்.

இரண்டாவது காரணம், பொதியைப் பிரிக்காமல் தைப்பது. ஒரு விலங்கின் உடம்பில் சுமார் 30,000 முட்கள். எல்லாம் ஒரே ரகம் இல்லை. வாலில் இருப்பவை தடிப்பு. அகலமான பரப்பை மூடவும் சுற்றுவேலைக்கும் ஆகும். முதுகில் நீளமானவை. கழுத்தில் மெல்லியவை. வயிற்றை ஒட்டியவை எல்லாவற்றிலும் மெல்லியவை, கோட்டுவேலைக்கு அவைதான். ஒரு பழைய தகரத் துண்டில் 1, 1.25, 1.5 மி.மீ. துளைகள் போட்டு, முள்ளின் நடுப்பகுதி எதில் நுழைகிறது எதில் நிற்கிறது என்று பார்த்து மூன்று குவியலாக்குங்கள். வட்டக் குழாயைத் தட்டையாக்கினால் அகலம் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு ஆகும். 1.25 மி.மீ. முள் தட்டையானபின் ஏறக்குறைய 2 மி.மீ. உங்கள் 5 மி.மீ. பட்டைக்கு அதுவே பொருத்தம். 1 மி.மீ. முள்ளும் 1.5 மி.மீ. முள்ளும் ஒரே வரிசையில் கலந்தால் விளிம்பு எப்போதும் அலையும், கையைக் குறை சொல்லிப் பயனில்லை.

கீறல் விழுவது பெரும்பாலும் தட்டையாக்கும் முறையால். முள்ளின் உள்ளே வெள்ளைப் பஞ்சு போன்ற நடுப்பகுதி, அதற்குள் காற்று. இரண்டு முனையும் மூடியிருக்கும்போது அழுத்தினால் காற்றுக்குப் போக வழியில்லை, மேல்தோல் வெடிக்கிறது. முதலில் வேர்முனையை 2 மி.மீ. வெட்டுங்கள். பிறகு நுனியிலிருந்து வேரை நோக்கி, ஒரே திசையில், கரண்டியின் முதுகாலோ வழவழப்பான எலும்புத் துண்டாலோ இழுங்கள். இரண்டு மூன்று இழுப்பு. பலமாக ஒரே அழுத்து வேண்டாம். தட்டையானதும் உடனே தைக்க வேண்டும். பத்து நிமிடம் விட்டால் மறுபடி உருண்டையாகப் பார்க்கும்.

இனித் தையல். நூல் மறுபக்கம் போகக் கூடாது. தோலின் தடிமனில் பாதிவரை மட்டும் புகுந்து மேலேயே வெளிவர வேண்டும். பையின் உட்புறத்தைத் தொட்டால் ஒரு தையலும் தட்டுப்படக் கூடாது. முழுக்கத் துளைத்தால், பையைத் திறந்து மூடுகிற தேய்மானத்தில் உட்பக்க நூல் அறுந்து வரிசையே எழும்பிவிடும்.

தோலை லேசாக ஈரமாக்கி, மழுங்கிய எலும்புக் கோலால் 5 மி.மீ. இடைவெளியில் இரண்டு இணைகோடு அழுத்துங்கள். தடம் நிற்கும், பேனா வேண்டாம். மேல்கோட்டுக்கு ஒரு நூல், கீழ்கோட்டுக்கு ஒரு நூல். முள்ளின் குட்டை முனை 3 மி.மீ. பட்டைக்குள் படுத்திருக்க, நீள முனை மேலே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, மேல்கோட்டில் குறுக்காக ஒரு தையல் போடுங்கள். நீள முனையை அந்தத் தையலின் மேலாகக் கீழே மடியுங்கள். தையலும் குட்டை முனையும் மறைந்துபோகும். சற்றே வலமாகச் சாய்த்துக் கீழ்கோட்டைத் தாண்டவிட்டு, கீழ்நூலால் கோட்டின்மேலேயே குறுக்குத் தையல். அதன்மேல் மேல்நோக்கி மடிப்பு. இப்படியே மாறிமாறி. நூலை இறுக்கும்போது கோட்டோடு பக்கவாட்டில் இழுங்கள். மேலே தூக்கி இழுத்தால் தோல் கிழிந்து தையல் துளை வாய் பிளக்கும். அப்புறம் அந்த இடத்தில் எதுவும் நிற்காது.

முள் முடியப்போகும்போது கறுப்பு நுனியை வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பட்டைக்குள் மடித்து, புது முள்ளின் குட்டை முனையை அதன்மேல் வைத்து ஒரே தையலில் இரண்டையும் பிடியுங்கள். புதியது மடிந்து விழும்போது பழையதை மூடிவிடும். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளில் சேர்ப்புகள் நேருக்கு நேர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த இடம் தடித்துத் தெரியும்.

கணக்கு: ஒரு முள்ளில் பயன்படும் நீளம் 6 செ.மீ. என்று வையுங்கள். 5 மி.மீ. பட்டையில் ஒரு தடவை குறுக்கே போய் மடிய 6.5 மி.மீ. செலவு. சேர்ப்புக்குப் போனது போக எட்டுக் குறுக்கு கிடைக்கும், அதாவது நான்கு முழுச் சுற்று. 2 மி.மீ. முள்ளுக்கு ஒரு சுற்று சுமார் 2 மி.மீ. முன்னேறும். ஆக ஒரு முள்ளுக்கு 8 மி.மீ. பட்டை. 18 செ.மீ.க்கு 23 முள், மூன்றுக்கும் 70. கீறுவது, வளைந்தது, நிறம் சரியாகப் பிடிக்காதது எல்லாம் கழிய நூறு எடுத்துவைத்தால் கவலையில்லை. பைக்கு இரு முகமும் செய்வதானால் இருநூறு.

சாயத்தொட்டி எழுதியது:

தையல் விஷயத்தைக் குத்தூசி சொல்லிவிட்டார், நான் சிவப்புக்கு வருகிறேன். கழுவாத பொதி என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிக் கோளாறு அங்கேயே தொடங்குகிறது.

முள்ளின்மேல் விலங்கின் கொழுப்பு ஒட்டியிருக்கும். அது இருக்கிறவரை சாயம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். பிடித்ததும் ஆழமாக இறங்காமல் மேலோடு நிற்கும், ஈரம் பட்டதும் கிளம்பும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் போட்டு, கையுறையோடு மெதுவாக அலசி, நீரை மாற்றி இன்னும் இரண்டு தடவை செய்யுங்கள். கடைசி நீரில் நுரையும் இருக்கக் கூடாது, மேலே எண்ணெய்ப் படலமும் மிதக்கக் கூடாது.

முக்கியமான ஒன்று: சாயமிடுவதற்கு முன் முனைகளை வெட்டாதீர்கள். வெட்டினால் சாயநீர் உள்ளே இருக்கும் பஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே எத்தனை தடவை அலசினாலும் அது போகாது. நீங்கள் தட்டையாக்கும்போதோ தைத்து முடித்தபிறகோ பிதுங்கி வந்து பக்கத்து வெள்ளையில் ஊறும். உங்கள் ரோஜா நிறத்துக்கு இதுவும் காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு.

முள் கெரட்டின் என்பதால் கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயம் நன்றாகவே பிடிக்கும். பருத்திச் சாயம் வேண்டாம். 20 கிராம் உலர்ந்த முள்ளுக்கு ஒரு லிட்டர் நீர், அரை கிராம் சாயத்தூள், 30 மில்லி வினிகர். எவர்சில்வர் பாத்திரம். முட்களை ஈரமாக்கிப் போட்டு, சூட்டை மெல்ல 70 டிகிரிக்கு ஏற்றி, முக்கால் மணி நேரம் அங்கேயே நிறுத்துங்கள். கொதிக்கவே கூடாது. கொதித்த முள் வளைந்து முறுக்கிக்கொள்ளும், காய்ந்தபின் மொரமொரப்பாகி மடிப்பில் உடையும். அடுப்பை அணைத்து, சாயநீரிலேயே ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். பிறகு நீர் தெளியும்வரை அலசி, நிழலில் பரப்பிக் காயவையுங்கள். கறுப்பு நுனி எந்தச் சாயத்தையும் ஏற்காது. அதை எதிர்பார்க்கவும் வேண்டாம், அது எப்படியும் வெட்டுப்படப் போகிறது.

தைக்குமுன் ஒரு சோதனை: சாயமிட்ட முள் ஒன்றை இரு முனையும் வெட்டி, நனைத்து, வெள்ளைப் பருத்தித் துணி மடிப்புக்குள் வைத்து ஒரு மணி நேரம் கனமான புத்தகத்துக்கு அடியில் விடுங்கள். துணியில் நிறம் வந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் வினிகர் கலந்த புது நீரில் மறுபடி 70 டிகிரியில் சூடாக்கி அலச வேண்டும். தைத்து முடித்த பட்டையை இப்படிக் காப்பாற்ற முடியாது.

தாவரச் சாயம்தான் வேண்டும் என்றால்: அனிஷினாபே பெண்கள் சிவப்புக்கும் செம்மஞ்சளுக்கும் பயன்படுத்தியவற்றில் பிளட்ரூட் என்ற காட்டுச்செடியின் கிழங்கு முக்கியமானது. உடைத்தால் செம்மஞ்சள் சாறு வடியும். காட்டு பிளம், ஆல்டர், சிவப்புக் கொம்பு டாக்வுட் பட்டைகளோடு சேர்த்துக் காய்ச்சுவதும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் பிரான்சிஸ் டென்ஸ்மோர் 1928-இல் வெளியிட்ட சிப்பேவா (ஒஜிப்வே) தாவரப் பதிவுகளில் இந்தச் சேர்மானங்கள் வருகின்றன. மஞ்சளுக்குக் கோல்ட்த்ரெட் வேர். கறுப்புக்கும் பழுப்புக்கும் கறுப்பு வால்நட்டின் பச்சைத் தோடு. பிளட்ரூட் சாறு நச்சுத்தன்மை உள்ளது, தோலை அரிக்கும். அந்த முள்ளை வாயில் வைத்து மென்மையாக்குவது கூடவே கூடாது. வெளிச்சத்திலும் சீக்கிரம் மங்கும். நிலையான சிவப்புக்குக் கேலியம் இனத்துக் கொடிகளின் மெல்லிய வேர்கள் மேல். மஞ்சிட்டி குடும்பம்தான் அதுவும், படிகாரம் போட்டால் நன்றாக ஏறும். வேர் நூல்போல இருக்கும், 20 கிராம் முள்ளுக்கு ஒரு கை நிறையத் தோண்ட வேண்டும் என்பதுதான் சிரமம்.

வணிகர்கள் வந்த காலத்தில் சிவப்புக் கம்பளித் துணியைக் கொதிக்கவைத்து, அதிலிருந்து இறங்கும் நிறத்தை முள்ளுக்கு ஏற்றியதும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அனிலின் என்ற செயற்கைச் சாயப்பொடி வந்ததும் பெரும்பாலோர் அதற்கு மாறிவிட்டார்கள். அதனால் அமிலச் சாயம் போட்டால் மரபு கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வேலூர்வாசி கேட்டது:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். எங்கள் பக்கத்துக் காட்டில் கிடக்கிற முள்ளம்பன்றி முள்ளில் இதைச் செய்ய முடியுமா? தோலுக்கு ஆம்பூர்க் குரோம் தோல் சுலபமாகக் கிடைக்கும். சரிப்படுமா?

குத்தூசி எழுதியது:

முள் சரிப்படாது நண்பரே. நம் நாட்டு முள்ளம்பன்றி வேறு குடும்பம். அதன் முள் சாணுக்கு மேல் நீளம், பென்சில் தடிப்பு, கறுப்பு வெள்ளை வளையம், ஓடு கெட்டி. எவ்வளவு ஊறினாலும் தட்டையாகாது, மடித்தால் பிளக்கும். இலங்கையில் காலிப் பக்கம் 19-ஆம் நூற்றாண்டில் செய்த முள் பெட்டிகளைப் பார்த்தால் புரியும்: அங்கே முள்ளை மடிக்கவே இல்லை, நேர்நேராக வெட்டிக் கருங்காலிச் சட்டத்துக்குள் அடுக்கியிருப்பார்கள். தவிர, இந்தியாவில் அந்த விலங்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டது. காட்டில் கிடந்ததை எடுத்து வீட்டில் வைத்திருப்பதே வம்பு.

கை பழக வேண்டும் என்றால் பனங்குருத்தோலையை 2 மி.மீ. அகலத்தில் கிழித்து நனைத்து ஜிக்ஜாக் போட்டுப் பாருங்கள். மடிப்பின் கோணமும் இரண்டு நூலின் இறுக்கமும் பிடிபட்டுவிடும். முள்ளின் பளபளப்பும் மேடும் வராது, அவ்வளவுதான்.

குரோம் தோலில் கிரெய்ன் பக்கம் (மயிர் இருந்த வழவழப்பான மேல்பக்கம்) வேண்டாம். இழைகள் இறுகிப் படிந்திருப்பதால் குத்தூசி பாதித் தடிமனில் ஓட மறுக்கும்; ஒன்று முழுக்கத் துளைக்கும் அல்லது மேலோட்டமாகப் பிய்க்கும். எலும்புக்கோல் தடமும் நிற்காது, குரோம் தோல் அழுத்தத்தை வாங்காது. மூளைப்பதத் தோலில் கிரெய்னைச் சுரண்டி எடுத்துவிடுவதால் இருபுறமும் இழை திறந்திருக்கிறது. அதனால்தான் உள்ளுக்குள் நூல் ஓடுகிறது. பழகுவதற்கு ஸ்வேட் (இழை மேலே தெரியும் தோல்) பரவாயில்லை, 1.2 மி.மீ.க்குக் குறையாமல் எடுங்கள்.

தையல்பித்து எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. முனைகளை வெட்டிவிட்டுத்தான் சாயத்தில் போட்டேன், இப்போது விளங்குகிறது. இன்னும் இரண்டு கேள்வி. நான் மெழுகிட்ட செயற்கை நரம்புநூல் பாவிக்கிறேன், தோல் தைக்கும் மூன்றுமுனை ஊசி. இது சரியா? பட்டைகளுக்குக் கீழே வளைகோடுகளால் ஒரு உருவம் போட நினைக்கிறேன், பழைய கறுப்புப் பைகளில் இருக்கிற இடிப்பறவை மாதிரி. ஜிக்ஜாக் வளைவுக்கு ஒத்துவரவில்லை.

குத்தூசி எழுதியது:

மூன்றுமுனை ஊசியை எடுத்து ஓரமாக வையுங்கள். அது இழைகளை அறுத்துக்கொண்டு போகும். பாதித் தடிமன் தையலில் பிடிமானம் தருவதே அந்த இழைகள்தான். மெல்லிய குத்தூசியால் இழைகளை விலக்கித் துளை போட்டு, மழுங்கிய மணி ஊசியால் நூலைக் கோருங்கள். செயற்கை நரம்புநூல் அப்படியே போட்டால் தடிப்பு, மடிப்பு மேடாகத் தெரியும். பிரித்து நான்கில் ஒரு பங்கு எடுத்தால் போதும். பட்டுநூலும் நல்லது.

அசல் நரம்புநூல் கிடைத்தால் அதைவிட வேறில்லை. மானின் முதுகுத்தண்டை ஒட்டி நீளவாக்கில் ஓடும் தசைநாணைக் காயவைத்து இழையிழையாகப் பிரிப்பது. ஒரு இழையை எடுத்து நனைத்து மிருதுவாக்கி, நுனியில் 2 செ.மீ. மட்டும் முறுக்கிக் காயவிட வேண்டும். அந்த நுனி விறைத்துக்கொள்ளும். குத்தூசித் துளைக்குள் அதையே ஊசியாக நுழைக்கலாம், தனி ஊசி தேவையில்லை. தைத்தபின் காயும்போது இழை சுருங்கி முள்ளை அழுத்திப் பிடிக்கும். நைலான் அதைச் செய்யாது. இழை அதிக நீளம் இருக்காது என்பதால் அடிக்கடி புது நூல் தொடங்க வேண்டியிருக்கும். முடிச்சுப் போடாமல், பழைய நூலின் கடைசி இரண்டு தையலுக்கு அடியில் புதியதைச் செருகிப் பிடியுங்கள்.

வளைவுக்கு ஒற்றைக்கோட்டுத் தையல். ஒரே ஒரு நூல், ஒரே ஒரு வரிசை. கோட்டின்மேல் 2 மி.மீ. இடைவெளியில் தையல்கள் ஓடும். ஒவ்வொரு தையலையும் இறுக்குமுன் முள்ளை அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றி அடுத்ததற்குக் கொண்டுபோக வேண்டும். கிடைப்பது ஒன்றரை, இரண்டு மி.மீ. அகலக் கோடு, முறுக்கிய கயிறுபோல. வயிற்று முள், 0.8 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லியது. உள்வளைவில் தையல் இடைவெளியை ஒன்றரை மி.மீ.க்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் முள் வளைவை மறந்து நேராக ஓடும். உருவத்தைத் தோலில் வரைய, மெல்லிய பூர்ச்சப்பட்டையில் வடிவம் வெட்டி ஓரத்தைச் சுற்றி எலும்புக்கோலால் தடம் போடுவது பழைய வழக்கம். தடித்த காகிதமும் ஆகும்.

ஒன்று மறந்துவிட்டேன். தோலை வெட்டும்போது பட்டை விலங்கின் முதுகெலும்புக்கு இணையாக ஓடும்படி வெட்டியிருக்கிறீர்களா? வயிற்றுப் பக்கத் தோல் ரப்பர் மாதிரி இழுபடும். அங்கே போட்ட நேர்வரிசை பை தொங்கத் தொடங்கியதும் வில்லாக வளையும். வட்டச் சட்டத்தில் மாட்டித் தைப்பதும் இதே கோளாறைத்தான் தரும்: கழற்றியதும் தோல் சுருங்கி முட்கள் மேலே எழும்பும்.

காப்பறை எழுதியது:

அருங்காட்சியகப் பாதுகாப்பு வேலையில் இருப்பதால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் கறுப்புப் பைகள் பேரேரிப் பகுதியில் 18-ஆம் நூற்றாண்டிலும் 19-இன் தொடக்கத்திலும் செய்யப்பட்டவை. ஒஜிப்வே, ஒடாவா, பொட்டாவாட்டமி ஆகிய அனிஷினாபே மக்கள் எல்லோரும் இந்தப் பகுதியினர். மான்தோலை வால்நட் தோட்டாலும் அதுபோன்ற சாயங்களாலும் கறுப்பாக்கி, அதன்மேல் வெள்ளை, செம்மஞ்சள், சிவப்பு முள் கோடுகள். மேலே சில நேர்வரிசைகள், நடுவில் உருவம், கீழே தகரக் குப்பிகளும் (தகரத்தைச் சுருட்டிய சிறு கூம்புகள்) சிவப்புச் சாயமிட்ட மான்மயிரும் தொங்கும் குஞ்சம். இவை இன்றும் தப்பிக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பிரிட்டிஷ் படை அதிகாரிகள். 1800 முதல் 1809 வரை கனடாவில் இருந்த ஜாஸ்பர் கிராண்ட் சேர்த்தவை டப்ளினில் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. 1790-களில் பேரேரிப் பகுதியின் மிச்சிலிமாக்கினாக் கோட்டைப் பக்கம் இருந்த ஆண்ட்ரூ ஃபாஸ்டர் சேர்த்தவை அமெரிக்க இந்தியர் தேசிய அருங்காட்சியகத்தில்.

நீங்களும் கறுப்புத் தோல் செய்ய நினைத்தால் ஓர் எச்சரிக்கை. டானின் (தாவரத் துவர்ப்புப் பொருள்) உள்ள சாயத்தோடு இரும்பு சேர்ந்தால் அழகான கறுப்பு வரும். ஆனால் அந்தச் சேர்க்கை காலப்போக்கில் இழைகளை அரித்துத் தோலைப் பொடியாக்கும். பழைய பைகளில் முள் நன்றாக இருக்க, அடியில் இருக்கும் தோல் தொட்டால் உதிரும் நிலையில் இருப்பது இதனால்தான். இரும்புச் சட்டியைத் தவிர்த்து, வால்நட் சாயத்தையே இரண்டு மூன்று முறை ஏற்றினால் ஆழ்ந்த பழுப்பு கிடைக்கும். முள் வேலையைத் தோல் சாயமேறி முழுக்கக் காய்ந்தபிறகே தொடங்க வேண்டும்.

உருவத்தைப் பற்றி. இடிப்பறவையான அனிமிக்கி மேலுலகத்துக்கும், கொம்புள்ள நீர்ச்சிறுத்தை மிஷிபிஷு நீருக்கடி உலகுக்கும் உரியவர்கள். இழையால் பின்னிய பைகளில் ஒரு முகத்தில் இவரும் மறுமுகத்தில் அவரும் எதிரெதிராக இருப்பார்கள். இவை வெறும் அலங்காரம் இல்லை. கனவிலும் நோன்பிலும் ஒருவருக்குக் கிடைத்த காவல் உருவமாகவும் இருந்திருக்கலாம். அருங்காட்சியகப் பையிலிருந்து ஓர் உருவத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள் என்பதே என் கருத்து. அதே பைகளில் இருக்கும் ஜிக்ஜாக், வைரம், இணைகோடு போன்ற வடிவங்களே ஒரு பையை நிறைக்கப் போதும், முதல் வேலைக்கு அவை கடினமும் குறைவு. அமெரிக்காவில் விற்க எண்ணினால், பழங்குடியினர் அல்லாதவர் தன் வேலையைப் பழங்குடியினர் செய்தது என்று காட்டி விற்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விற்பனைச் சீட்டில் யார் செய்தது என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

பாதுகாப்பு: அந்துப்பூச்சியும் தோல்வண்டும் முள்ளை விரும்பித் தின்னும், கெரட்டின்தானே. புதிய பொதி வாங்கியதும் பாலிதீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே நீர்த்துளி படியும். நாப்தலின் உருண்டை வேண்டாம், அதன் ஆவி மூடிய பெட்டிக்குள் தங்கி மூச்சுக்குக் கெடுதல். முடித்த பையின்மேல் வார்னிஷோ ஷெல்லாக்கோ பூசாதீர்கள். மஞ்சளாகி, விறைத்து, மடிப்புகளை உடைக்கும். சன்னல் வெளிச்சத்தில் மாட்டக் கூடாது. நாங்கள் காட்சியில் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்கு மேல் விடுவதில்லை. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு முள் உடையும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பழைய பை எதையாவது ஏலத்தில் வாங்கினால் வெறும் கையால் தொடாதீர்கள். பூச்சிக்காக ஆர்சனிக் தூவிய காலம் ஒன்று இருந்தது, அது இன்னும் தோலிலேயே இருக்கும்.

தையல்பித்து எழுதியது:

உருவத்தை விட்டுவிட்டு வைர வரிசையே போடுகிறேன். கீழ்க் குஞ்சத்துக்குத் தகரக் குப்பி எப்படிச் செய்வது? வாங்கியவை வழுக்கி விழுகின்றன.

குத்தூசி எழுதியது:

குப்பி உருளையாக இருந்தால் விழத்தான் செய்யும், கூம்பாக இருக்க வேண்டும். மெல்லிய தகரத்தில் உயரம் 2.5 செ.மீ., மேல்விளிம்பு 0.8, கீழ்விளிம்பு 2 செ.மீ. உள்ள சரிவகம் வெட்டுங்கள். ஓரங்களை அரத்தால் மழுக்கி, கூரான இரும்புக் குச்சியின்மேல் சுருட்டுங்கள். விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டால் போதும். 2 மி.மீ. அகலத் தோல்வாரின் நுனியில் சிவப்பு மான்மயிர்க் கற்றையை நூலால் கட்டி, கட்டிலிருந்து 1 மி.மீ. விட்டு ஒரு முடிச்சு. வாரின் மறுமுனையைக் கூம்பின் அகன்ற வாய்வழியே செலுத்தி மேலே இழுத்தால் முடிச்சு குறுகலில் போய்ச் சிக்கும். குறுகிய வாயைக் குறடால் லேசாக நெருக்குங்கள், பலமாக நெருக்கினால் தகரவிளிம்பு வாரை அறுக்கும். மயிர் கூம்புக்கு வெளியே 1 செ.மீ. தெரிந்தால் அளவு.

குஞ்ச வாருக்கு முள் சுற்றுவதாக இருந்தால் குப்பி மாட்டுவதற்கு முன்பே சுற்றிவிடுங்கள். வாலில் இருந்து எடுத்த தடித்த முள், தட்டையாக்கி, வேர்முனையை வாரோடு நீளவாக்கில் படுக்கவைத்து அதன்மேலேயே சுற்றிக்கொண்டு வந்து, கடைசி முனையை முந்தைய சுற்றுக்கு அடியில் குத்தூசியால் தூக்கிச் செருக வேண்டும். வார் பச்சைத்தோலாக இருந்தால் சுற்று நகராது. பதனிட்ட மென்வாரில் சுற்றினால் இழுபடும்போதெல்லாம் சுற்றுகள் பிரிந்து போகும், அதற்கு முன்னால் வாரை நனைத்து இழுத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

பையின் இரு பக்கத் தையலையும் முள் வேலை எல்லாம் முடிந்தபிறகே போடுங்கள். ஓரத்தில் 8 மி.மீ. முள் இல்லாமல் விட்டிருக்க வேண்டும். விடவில்லை என்றால் பட்டையின் கடைசி இரண்டு மூன்று மடிப்பைப் பிரித்து, முனையைப் பட்டைக்குள் மடித்து முடியுங்கள். தையல் ஊசி முள்ளைக் குத்தினால் அங்கிருந்து பிளவு ஓடும்.